கார்டியாக் இமேஜிங்கில் முப்பது வருடம் ஆராய என்ன இருக்கிறது?

உங்கள் மகள் டிஎம் கார்டியாலஜி (இதய மருத்துவ மேற்படிப்பு) இரண்டாம் ஆண்டு. ஸ்டென்ட் வைக்கும் பக்கம் போகாமல், கார்டியாக் இமேஜிங்கில், அதாவது எக்கோ, சிடி, எம்ஆர்ஐ வழியாக இதயத்தைப் பார்க்கும் துறையில், ஆராய்ச்சி செய்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கப் போகிறேன் என்கிறார். "படம் எடுப்பது மெஷின், ரிப்போர்ட் எழுத அரை மணி நேரம், இதில் முப்பது வருடம் ஆராய என்ன இருக்கிறது? அதையும் ஏஐ பிடுங்கிக்கொள்ளாதா?" என்பது நீங்கள் கேட்டது. பிழைப்பு நடக்குமா என்ற கவலையும் அதற்குள் இருப்பது தெரிகிறது. முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். அது விளங்கிவிட்டால் ஏஐ கேள்விக்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

'படம்' என்ற சொல்தான் குழப்புகிறது. எக்கோ (அல்ட்ராசவுண்டால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) அறையிலிருந்து வெளியே போவது பெரும்பாலும் எண்கள். இஎஃப் (ஒரு துடிப்பில் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 55 சதவீதம், பெருந்தமனி வால்வின் பரப்பு 0.9 சதுர செமீ, கசிவு இத்தனை மில்லி என்று. இஎஃப் 35க்குக் கீழே போனால் ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைப்பதைப் பற்றிப் பேச்சு வருகிறது. வால்வின் பரப்பு 1க்குக் கீழே வந்தால் ஆபரேஷன் பேச்சு வருகிறது. கீமோவுக்கு நடுவே இஎஃப் சரிந்தால் மருந்தையே நிறுத்துகிறார்கள். ஆகவே இமேஜிங் ஆராய்ச்சியாளர் ஆயுள் முழுக்கக் கேட்பது இரண்டே கேள்விதான். இந்த எண் எவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம்? சரியாகவே இருந்தாலும், அது தெரிந்ததால் நோயாளிக்கு ஏதாவது நல்லது நடந்ததா?

முதல் கேள்வி எக்கோ பிறந்த அன்றே பிறந்துவிட்டது. 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் (Inge Edler) என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை இரவல் வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையே உள்ளது) ஆபரேஷனுக்கு முன்பு, அந்த வால்வு சுருங்கியிருக்கிறதா கசிகிறதா என்பதைக் கீறாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எட்லரின் தேவை. வேகமாக ஏறி இறங்கும் ஒரு கோடு திரையில் கிடைத்தது. அதை இடது மேலறையின் சுவர் என்று நினைத்தார்கள். அது மைட்ரல் வால்வின் முன்னிதழ் என்பது பிற்பாடு உடற்கூறு ஆய்வோடு ஒப்பிட்ட பிறகுதான் தெளிவானது. இதில் வேடிக்கை, வால்வு சுருங்கியவர்களுக்கு அந்தக் கோட்டின் சரிவு மெதுவாக இருக்கும் என்ற கவனிப்பு மட்டும் முதலிலிருந்தே சரியாக இருந்தது. பார்ப்பது என்னவென்று தெரியாமலே அளவு சரியாக வரலாம், தெரிந்தும் தப்பாக வரலாம். இந்தத் துறையின் இயல்பே இதுதான்.

அடுத்த உதாரணம் நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் வேலை செய்த லிவ் ஹாட்லே. ப்யோர்ன் ஆங்கெல்சன் என்ற பொறியாளர் குழுவோடு சேர்ந்து 1970களின் பிற்பகுதியில், டாப்ளரில் (ரத்தம் ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்டால் அளக்கும் முறை) கிடைக்கும் ரத்த வேகத்தை வைத்து வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிடலாம் என்பதை நோயாளிகளிடம் நடைமுறைப்படுத்தியவர். சூத்திரம் ஒரு வரிதான்: வேகத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கம் செய்து, நாலால் பெருக்க வேண்டும். வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் அழுத்த வித்தியாசம் 64 மிமீ பாதரசம். அதுவரை கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டுத்தான் இதை அளந்தார்கள். அந்தக் காலத்துக் கருவியின் பெயர் 'பெடாஃப்'. இன்றும் எக்கோ லேபில் பேனா மாதிரி இருக்கும் சின்ன புரோபை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த இடங்களிலிருந்துதான் இந்தத் துறையின் பெரிய விஷயங்கள் வந்திருக்கின்றன. மகள் சேரப்போகும் இடத்தில் அப்படி ஒரு மேஜை இருக்கிறதா என்று விசாரிப்பது, கல்லூரியின் பெயரை விசாரிப்பதைவிட முக்கியம்.

சூத்திரம் எளிது, தவறும் எளிது. டாப்ளர் கதிர் ரத்த ஓட்டத்தின் திசையிலேயே போக வேண்டும். 30 டிகிரி விலகினால் 4 மீட்டர் வேகம் 3.46 ஆகத் தெரியும். வர்க்கம் செய்வதால் 64 இருக்க வேண்டிய இடத்தில் 48 வந்து நிற்கும். கடுமையான சுருக்கம் ரிப்போர்ட்டில் 'மிதமானது' ஆகிவிடும். அதனால்தான் இதயத்தின் நுனிப்பகுதியில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், நோயாளியை வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, பெடாஃபால் மார்பெலும்பின் வலது ஓரத்திலும் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருகிறோம். கூட்டம் அதிகமான நாளில் முதலில் கைவிடப்படுவது இந்தப் படிதான்.

பெருந்தமனி வால்வின் பரப்புக் கணக்கு இன்னும் மோசம். வால்வுக்குக் கீழே உள்ள வெளியேற்றப் பாதையின் விட்டத்தை அளந்து, வட்டம் என்று வைத்துக்கொண்டு பரப்பு கண்டுபிடிக்கிறோம். பாதைக்கும் வால்வுக்கும் உள்ள வேக விகிதம் 0.35 என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 2.0 செமீ என்று அளந்தால் வால்வின் பரப்பு 1.10, அதாவது மிதம். அதே பாதையை 1.8 என்று அளந்தால் 0.89, அதாவது கடுமை. ரெண்டு மில்லிமீட்டர்தான். திரையில் கர்சரை வைக்கும்போது ஒரு நரம்புத் துடிப்பு. போதாக்குறைக்கு, அந்தப் பாதை பெரும்பாலானவர்களுக்கு வட்டமே கிடையாது, முட்டை வடிவம் என்று சிடி காட்டிவிட்டது. எக்கோவில் தெரிவது பெரும்பாலும் அதன் குறுகிய பக்கம். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ஆனால் சிடி விட்டத்தை எக்கோ வேகத்தோடு கலந்து கணக்கிட்டால் நோயாளியின் எதிர்காலத்தைக் கூடுதலாகக் கணிக்க முடிகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மிதம், கடுமை என்று பிரிக்கும் பழைய வெட்டுப்புள்ளி 1.0 என்பது தவறான விட்டத்தை வைத்துப் பழகிய எண். விட்டத்தை மட்டும் திருத்தினால் வெட்டுப்புள்ளியும் நகர வேண்டும். இந்த ஒரு சிக்கலிலேயே பலர் தங்கள் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார்கள்.

இஎஃப்பை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும், ஏனென்றால் மார்பகப் புற்றுநோய்க்கு ஆந்த்ராசைக்ளின் வகை மருந்து எடுக்கும் பெண்களுக்கு மாதக்கணக்கில் எக்கோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். போன முறை 62, இந்த முறை 55 என்றால் குடும்பமே பயந்துவிடும். டொராண்டோவில் இருக்கும் பாலதினேஷ் தவேந்திரநாதன் 2013இல் கிளீவ்லண்டிலிருந்து வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் நேராகக் கேட்டது: இதயத்தில் ஒரு மாற்றமும் இல்லாதபோதே எண் எவ்வளவு ஆடுகிறது? சாதாரண 2டி எக்கோவில் சுமார் 10 புள்ளி, 3டியில் சுமார் 6 புள்ளி. அதாவது 62இலிருந்து 55க்கு இறங்கியது, அளவு ஆடியதாலேயே இருக்கலாம். மருந்தை நிறுத்தும் முன் திரும்ப ஒரு முறை, முடிந்தால் 3டியில், அதே மெஷினில், பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இஎஃப் இறங்குவதற்கு முன்பே சேதத்தைக் காட்டும் என்று 'ஸ்ட்ரெயின்' வந்தது. இடது கீழறை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்ற கணக்கு. நல்ல இதயத்தில் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தன் பழைய அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல், அதாவது 20 இருந்தவருக்கு 17க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். இதை எடுக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இசிஜி சுத்தமாக வர வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி எடுக்க வேண்டும். செக்டரை (திரையில் விசிறிபோல் தெரியும் படப் பரப்பை) குறுக்கி, நொடிக்கு 40 முதல் 80 ஃப்ரேம் வைக்க வேண்டும். இதயத்தின் நுனியை வெட்டிவிட்ட கோணத்தில் எடுத்தால் ஸ்ட்ரெயின் பொய்யாகக் கூடிக் காட்டும். அன்றைய ரத்த அழுத்தத்தைக் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் பிபி ஏறியிருந்தால் இதயத்தில் நோயே இல்லாமல் ஸ்ட்ரெயின் இறங்கும். கம்பெனிக்குக் கம்பெனி மென்பொருள் வேறு, எண்ணும் வேறு. போன தடவை ஒரு ஸ்கேன் சென்டர், இந்தத் தடவை இன்னொன்று என்றால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே கூடாது.

இவ்வளவும் சரி, ஸ்ட்ரெயினைப் பார்த்து மருந்து தொடங்கினால் பயன் உண்டா? இதைச் சோதித்த சக்கர் என்ற ஆய்வில் 331 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவில் ஸ்ட்ரெயின் இறங்கினால் இதயப் பாதுகாப்பு மருந்து, மறு பிரிவில் இஎஃப் இறங்கினால்தான் மருந்து. ஒரு வருடம் கழித்து இரு பிரிவிலும் இஎஃப் இறக்கம் கிட்டத்தட்ட ஒன்றே; அதுதான் ஆய்வின் முதன்மைக் கேள்வி. இஎஃப் பிரிவில் 13.7 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு என்ற எல்லையைத் தாண்டியது, ஸ்ட்ரெயின் பிரிவில் 5.8 சதவீதம் பேருக்கு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவும் ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே, ஸ்ட்ரெயின் முன்கூட்டியே எச்சரிக்கிறது என்பது உறுதி. அந்த எச்சரிக்கையால் நீண்ட காலத்துக்கு எவ்வளவு லாபம் என்பது சந்தேகம். ஆஸ்பத்திரி விளம்பரங்களில் இந்த வேறுபாடு தெரியாது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், மகளுக்கு உதவும். புது அளவு ஒன்றை முன்வைக்கும் கட்டுரையில் "பழைய அளவோடு கோரிலேஷன் 0.95" என்று எழுதிப் பெருமைப்படுவார்கள். கோரிலேஷன் சொல்வது, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும்தான். எப்போதும் கால் கிலோ கூடக் காட்டும் தராசுக்கும் சரியான தராசுக்கும் இடையே கோரிலேஷன் 1தான் வரும். அதற்காக அந்தத் தராசில் அரிசி வாங்குவோமா? வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிரே புள்ளி வைத்துப் பார்க்கும் பிளாண்ட் ஆல்ட்மன் முறை 1986இலேயே சொல்லப்பட்டுவிட்டது. இரண்டாவது சறுக்கல், ஒரே கிளிப்பை இரண்டு பேர் அளந்துவிட்டு 'திரும்பச் செய்தாலும் அதே அளவு வருகிறது' என்று எழுதுவது. உண்மையான சோதனை என்றால் நோயாளி கட்டிலை விட்டு இறங்கி, வேறொருவர் புரோபைப் பிடித்து முதலிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது வரும் வித்தியாசம் எப்போதும் கூடுதலாக இருக்கும், அதனாலேயே பலர் அதைச் செய்வதில்லை. மூன்றாவது, படம் தெளிவாக வராதவர்களை விட்டுவிடுவது. பருமனானவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் இப்படி விழுந்துவிடுவார்கள். ஆனால் ரிப்போர்ட் அவர்களுக்கும்தான் தேவை. நான்காவது, டெஸ்ட் பாசிடிவ் ஆனவர்களுக்கு மட்டும் ஆஞ்சியோ எடுத்து டெஸ்ட்டின் துல்லியத்தைக் கணக்கிடுவது. நெகடிவ் என்று வீட்டுக்கு அனுப்பியவர்களில் தப்பிப் போனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள், டெஸ்ட் அபாரமானதாகத் தெரியும். படிக்கும் ஆளுக்கு நோயாளியின் முடிவு முன்பே தெரிந்திருப்பதும், வெட்டுப்புள்ளியைக் கண்டுபிடித்த அதே கூட்டத்திலேயே சோதித்துப் பார்ப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். பெரிய ஆய்வுகளில் எல்லாப் படங்களும் 'கோர் லேப்' ஒன்றுக்குப் போய், பெயரும் பிரிவும் மறைத்து அளக்கப்படுவது இதற்காகத்தான். எக்கோ கோப்பில் பெயரை அழிக்கும்போது, படத்தின் மேலேயே பதிந்திருக்கும் பெயரை மறந்துவிடுவார்கள். அதையும் மறைக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. எண் சரி, ஆனால் அதனால் யார் பிழைத்தார்கள்? இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான பதில் ருமாட்டிக் இதய நோயில் (தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வரும் காய்ச்சலால் வால்வு கெடும் நோய்) இருக்கிறது. 2007இல் கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளை ஸ்டெதாஸ்கோப்பாலும் எக்கோவாலும் பார்த்தார்கள். கம்போடியாவில் 3,677 பிள்ளைகளில் ஸ்டெதாஸ்கோப்பில் உறுதியானது 8 பேர், எக்கோவில் 79 பேர். பத்து மடங்கு. உடனே எழுந்த கேள்வி: வால்வில் லேசான கசிவு மட்டும் உள்ள இந்தப் பிள்ளைகள் உண்மையில் நோயாளிகளா, இல்லை எக்கோ வீண் பயம் காட்டுகிறதா? கிட்டத்தட்ட பதினான்கு வருடம் அதற்குப் பதில் இல்லை. ஆண்ட்ரியா பீட்டன் என்ற குழந்தை இதய மருத்துவர் உகாண்டா மருத்துவர்களோடு சேர்ந்து அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எக்கோவில் பார்த்து, ஆரம்ப நிலை நோய் உள்ள 818 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார். இரண்டு வருடத்தில் ஊசி போடாத பிரிவில் 33 பேருக்கு நோய் முற்றியது, போட்ட பிரிவில் 3 பேருக்கு. இப்போது அந்தக் கசிவுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. நம் நாட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல்: எக்கோ மெஷினும் அல்ட்ராசவுண்ட் மெஷின்தான், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டத்துக்குள் வரும். கையடக்க மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்விட முடியாது. அனுமதி வாங்கும் காலத்தையும் ஆய்வுத் திட்டத்திலேயே சேர்த்துப் போட வேண்டும்.

நெஞ்சு வலிக்குச் சிடி ஆஞ்சியோ எடுப்பதும் இப்படித்தான் நிரூபிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட் ஹார்ட் ஆய்வில், வழக்கமான பரிசோதனையோடு சிடியும் எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் 2.3 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. சிடி எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஸ்டென்டும் பைபாஸும் ஐந்து வருட முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? அடைப்பு என்று சொல்ல முடியாத சின்னக் கொழுப்புப் படிவுகளைச் சிடியில் பார்த்ததும் ஸ்டேட்டின், ஆஸ்பிரின் தொடங்கினார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வட அமெரிக்காவில் 10,003 பேரிடம் நடந்த ப்ராமிஸ் ஆய்வில் சிடிக்கும் மற்ற டெஸ்டுகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அங்கே தொடர்ந்து பார்த்தது சுமார் இரண்டு வருடம்தான், ஒப்பிட்ட முறையும் வேறு. இரண்டையும் படித்துவிட்டு ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள்.

படம் சரியாக இருந்தும் பயன்படாமல் போனதற்கும் உதாரணம் உண்டு. மாரடைப்பில் செத்த தசை எது, மயங்கிக் கிடக்கும் தசை எது என்பதை கடோலினியம் என்ற மருந்தை ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ பிரமாதமாகக் காட்டும். உயிருள்ள தசை இருந்தால் பைபாஸோ ஸ்டென்டோ வைத்தால் இதயம் எழுந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். 2011இல் வந்த ஸ்டிச் ஆய்வின் துணைப் பகுப்பாய்வு, 601 பேரிடம் வேறு முறைகளில் தசையின் உயிர்ப்பைப் பார்த்தது. அது பைபாஸால் யாருக்குப் பயன் என்பதைப் பிரித்துக் காட்டவில்லை. 2022இல் 700 பேரிடம் நடந்த ரிவைவ்ட் ஆய்வில், உயிருள்ள தசை இருப்பதைக் காட்டியபின் ஸ்டென்ட் வைத்தும் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. படத்தில் தப்பில்லை. படத்தின் மேல் நாம் கட்டிய தர்க்கத்தில்தான் ஓட்டை.

இன்னும் தீராத சண்டை ஒன்றையும் சொல்கிறேன், இளம் ஆராய்ச்சியாளருக்கு இப்படிப்பட்ட இடத்தில்தான் வேலை இருக்கும். 2018இல் மைட்ரல் கசிவுக்கு, வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் போடுவது பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. கோஆப்ட் ஆய்வில் 614 பேர், மரணம் கணிசமாகக் குறைந்தது. ஃபிரான்ஸின் மித்ரா எஃப்ஆர் ஆய்வில் 304 பேர், ஒரு பயனும் இல்லை. கிளிப் ஒன்றே. எக்கோ எண்களைப் பார்த்தால், கோஆப்டில் கசியும் துளை பெரிது, இதயம் அவ்வளவாக வீங்கவில்லை. மித்ராவில் துளை சிறிது, இதயம் ரொம்ப வீங்கியிருந்தது. வீக்கத்துக்குப் பொருந்தாத அளவு கசிவு இருந்தால்தான் கிளிப் பலிக்கும் என்று ஒரு விளக்கம் எழுந்தது. மனசுக்குப் பிடித்த விளக்கம். ஆனால் 2024இல் ரீஷேப் ஆய்வு, அவற்றைவிடக் குறைவான கசிவு உள்ளவர்களிடமும் பயன் கண்டதாகச் சொல்லி அதைக் குழப்பிவிட்டது. இதற்கும் அடியில் ஓர் அளவைச் சிக்கல் இருக்கிறது. கசியும் துளையை அளக்க, ரத்தம் அரைக்கோளமாகக் குவிகிறது என்று வைத்துக்கொண்டு அதன் ஆரத்தை வர்க்கம் செய்கிறோம். 7 மிமீக்குப் பதில் 8 என்று அளந்தால் விடை 30 சதவீதம் கூடும். இந்த வகை நோயில் துளையோ பிறை வடிவம், அரைக்கோளம் எப்படிப் பொருந்தும்? ஆக, இரண்டு ஆய்வுகளின் வித்தியாசத்தில் எவ்வளவு நோயாளிகளிடம் இருந்தது, எவ்வளவு கர்சரில் இருந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஏஐக்கு வருவோம். இஎஃப்புக்காகக் கோடு வரையும் வேலையை அது செய்கிறது, நன்றாகவே செய்கிறது. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 3,495 எக்கோக்களில் முதல் அளவை ஏஐ போட்டதா, டெக்னீஷியன் போட்டாரா என்று தெரியாமல் மருத்துவர்கள் சரிபார்த்தார்கள். ஏஐ போட்டதைக் கணிசமாகத் திருத்த வேண்டியிருந்தது 16.8 சதவீதம், டெக்னீஷியன் போட்டதை 27.2 சதவீதம். ஆகவே கோடு வரைவதே தன் திறமை என்று நினைப்பவருக்கு எதிர்காலம் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். நோயாளியை வலது பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பது, 818 பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேள்வி எழுப்புவது, வெட்டுப்புள்ளி தவறான விட்டத்திலிருந்து வந்தது என்று சந்தேகப்படுவது எதுவும் கோடு வரையும் வேலையில் அடங்காது. ஏஐயைச் சோதிப்பதே இப்போது ஓர் ஆராய்ச்சித் துறை. ஓர் ஊர் ஆஸ்பத்திரிப் படங்களில் பழகியது இன்னோர் ஊர் மெஷினில் எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்க, மேலே சொன்ன சறுக்கல்கள் எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும்.

பாதையும் பிழைப்பும் பற்றிச் சுருக்கமாக. டிஎம் முடிந்ததும் இமேஜிங்கில் ஒன்று அல்லது இரண்டு வருட ஃபெலோஷிப், எக்கோவோடு சிடியோ எம்ஆர்ஐயோ ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். எக்கோவில் உயர்நிலைப் பயிற்சிக்கு அமெரிக்க அளவுகோல் தானே எடுத்தது 300, படித்துச் சொன்னது 750. நம் பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்து திருத்துகிறாரா என்பதுதான் கேள்வி. புள்ளியியலை ஒரு சான்றிதழ் படிப்பாகவாவது முறையாகக் கற்றுக்கொள்வது, இன்னொரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போவதைவிடப் பயன் தரும். தலையீட்டு ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் முடிந்திருக்க வேண்டும். பின்னால் செய்துகொள்ளலாம் என்று விட்ட ஆய்வுகள் நல்ல இதழ்களின் வாசலிலேயே திரும்பிவிடும். தனியார் துறையில் ஸ்டென்ட் வைப்பவருக்கு வருவது இமேஜிங் மட்டும் செய்பவருக்கு வராது, இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அறுவை இல்லாமல் வால்வு மாற்றும் டாவி, கிளிப் போன்றவை பரவியதால், சிடியில் வால்வு அளவு எடுத்துக் கொடுக்கவும், உணவுக்குழாய் வழி எக்கோவில் கிளிப்புக்கு வழிகாட்டவும் தனித் தேர்ச்சி பெற்றவர் இல்லாமல் அந்த வேலையே நடக்காது. அந்த இடத்தில் ஒரு கவனம் தேவை: கேத் லேபில் (எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதயத்துக்குள் குழாய் விடும் அறை) ஈயத் தடுப்புகள் ஆபரேட்டர் நிற்கும் இடத்தை நினைத்து வைக்கப்பட்டவை. எக்கோ மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார், அங்கே தனித் தடுப்பு கேட்டு வாங்க வேண்டும். தோள்பட்டை வலியும் இந்தத் தொழிலின் நோய், கட்டில் உயரத்தை மாற்றச் சோம்பல்படக் கூடாது.

பிறவி இதய நோய் எக்கோ தனி உலகம், அணுக்கதிர் ஸ்கேன் வேறொன்று. இரண்டையும் இங்கே தொடவில்லை. மகளுக்கு ஏற்ற வேலையா என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது, ஆனால் அவரே ஒரு மாதத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. துறைத் தலைவரிடமும் எத்திக்ஸ் கமிட்டியிடமும் அனுமதி வாங்கி, பழைய எக்கோவில் 30 எடுக்கட்டும். தெளிவானது, மங்கலானது இரண்டும் கலந்து. பெயர், தேதி, பழைய ரிப்போர்ட் மூன்றையும் மறைத்து, இரண்டு கோணத்திலும் கோடு வரைந்து இஎஃப் அளக்கட்டும். இரண்டு வாரம் கழித்து வரிசையைக் கலைத்து, முதல் எண்களைப் பார்க்காமல் திரும்ப அளக்கட்டும். வித்தியாசங்களை ஒரு தாளில் புள்ளியாக வைக்கட்டும். தன் கை, தன் கண், அதே படம் என்று இருந்தும் சிலவற்றில் ஏழெட்டுப் புள்ளி விலகி நிற்கும். அதைப் பார்த்ததும் எந்தக் கிளிப்பில் ஏன் விலகியது என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்து பார்க்கத் தோன்றியதா, இல்லை தாளை மடித்து வைத்துவிட்டு கேத் லேபுக்குப் போகத் தோன்றியதா என்று கேளுங்கள்.